வீரம்மா காருக்குக் கறுப்புத்தாள் ஒட்டிய கதை

கிள்ளான் பக்கம் பண்டமாரானில் வீரம்மாவைத் தெரியாத பள்ளிக்கூடப் பிள்ளை கிடையாது. காலையில் ஒரு பழைய டாட்சன் காரில் பிள்ளைகளை அரிசி மூட்டை அடுக்குவதுபோல அடுக்கிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்குப் போவாள். மத்தியானம் அதேபோல அள்ளிக்கொண்டு வருவாள். மடியில் ஒன்று, காலடியில் ஒன்று, பின்சீட்டில் ஒன்றின்மேல் ஒன்று. ஒன்று வாந்தி எடுக்கும், ஒன்று அழும், ஒன்று இன்னொன்றைக் கடிக்கும். வீரம்மா ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்து மறு கையால் பின்னால் அடிப்பாள். யார்மேல் அடி விழுந்தது என்று பார்ப்பதில்லை.

கார் அவள் புருஷன் அய்யாவுவுடையது. கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான், அவ்வளவுதான். காரை விற்றுவிடு என்று சொந்தமெல்லாம் வந்து சொல்லிப் பார்த்தது. வீரம்மா விற்கவில்லை. லைசென்ஸ் எடுத்தாள். முதல் தடவை தோற்றாள், மறுபடி போனாள், எடுத்தாள். "தாலியறுத்தவளுக்கு ஸ்டீரிங் கேக்குதா?" என்று பேசின வாயெல்லாம் ஜனவரி பிறந்ததும் அவள் வீட்டு வாசலில் வந்து, "என் பிள்ளைக்கும் ஒரு எடம் போடு வீரம்மா" என்று நின்றது.

ஆனால் ஒன்று. பிள்ளையை ஏற்றி அனுப்ப அவள் முகம் வேண்டும். பொண்ணு பார்க்கப் புறப்படும்போது, வீடு கட்ட முகூர்த்தக்கால் நடும்போது, மகன் முதல் நாள் வேலைக்குப் போகும்போது மட்டும் அந்த முகம் ஆகாது. அந்தச் சந்தில், லோரோங்கில், இருந்தவர்கள் வீரம்மாவின் கார் போன சத்தம் கேட்ட பிறகுதான் நல்ல காரியத்துக்குப் படி இறங்குவார்கள். இது வீரம்மாவுக்கும் தெரியும். கோபம் வந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். அவளுக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. பல்லில் கீரை ஒட்டியிருப்பதை நாலு பேர் பார்த்துவிட்டால் வருமே, அந்த மாதிரி வெட்கம். தன் நெற்றி வெறுமையாக இருப்பது தான் செய்த ஏதோ ஒரு ஆபாசம் என்பதுபோல அவள் தலையைக் குனிந்துகொண்டே காரை எடுப்பாள்.

எண்பத்தேழாம் வருஷம் மகள் புஷ்பவல்லிக்குக் கல்யாணம் கூடி வந்தது. புஷ்பா ஷா ஆலாமில் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை செய்தாள். மாப்பிள்ளை ராதாகிருஷ்ணன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரன், ரயில்வேக் குடும்பம். கல்யாணமும் அங்கேயே ஒரு கோயில் மண்டபத்தில். வீரம்மாவின் நாத்தனார் தங்கமணி எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிச் செய்தாள். அண்ணன் இல்லாத வீடு, அவள் செய்யாவிட்டால் யார் செய்வது? செய்தாள்தான். செய்ததைச் சொல்லிக் காட்டவும் செய்தாள்.

ஒருநாள் சாயங்காலம் பேச்சு காருக்கு வந்தது.

"பொண்ணு காடிய யாரு ஓட்டறது?" என்று தங்கமணி கேட்டாள்.

"நான்தான்" என்றாள் வீரம்மா.

"அண்ணி, வெளையாடுறீங்களா?"

"இல்ல."

"பொண்ணுக்கு முன்சீட்டுல நீங்க உக்காந்து வந்து எறங்கினா மாப்ள வீட்டுல என்ன பேசுவாங்க? ஆரத்தித் தட்டோட வாசல்ல நிப்பாங்க. முதல்ல கண்ணுல படறது உங்க மொகமாவா இருக்கணும்? நாளைக்கு அந்த வீட்டுல ஒரு தலைவலி வந்தாலும் புஷ்பா தலையிலதான் வந்து விடியும்."

வீரம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். "சரி, கல்யாணத்துல எனக்கு என்ன வேலைன்னு நீயே சொல்லு தங்கமணி. தாரை வாக்கறது நீயும் உன் வீட்டுக்காரரும். வெளக்கு ஏத்தறது உன் மூத்த மக. தட்டு தூக்கறது பக்கத்து வீட்டுக்காரங்க. பெத்தவ பந்திக்குப் பின்னால நின்னு வெத்தலை மடிக்கணும். அவங்கப்பா காடி. அதுல என் பொண்ண நான் கொண்டுபோயி விடறேன். அது ஒண்ணுதான் கேக்கறேன்."

புஷ்பா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா ஓட்டலன்னா நான் பஸ்ஸுல போயிக்கறேன் லா, அத்தை."

"நீ வாய மூடு. கல்யாணப் பொண்ணு பேசற பேச்சா இது?"

"யாரு ஓட்டறாங்கன்னே தெரியாத மாதிரி ஓட்டினா?" என்றாள் வீரம்மா. இதை அவள் பல நாளாக மனசுக்குள் வைத்து ஊறப்போட்டிருந்தாள். "கண்ணாடிக்கெல்லாம் டின்டட் ஒட்டிக்கறேன். வெளியேந்து பாத்தா உள்ள ஆளா ஆவியான்னு தெரியாது."

அந்த வருஷங்களில் அது ஒரு பைத்தியமாகத்தான் இருந்தது. ஓட்டைக் காராக இருந்தாலும் கண்ணாடி மட்டும் கரிச்சட்டி மாதிரி இருக்கும். போலீஸ் பிடித்து உரிக்கச் சொன்னதெல்லாம் பின்னால்.

தங்கமணி யோசித்தாள். "முன் கண்ணாடி?"

"அதுல ஒட்டினா எனக்கு ரோடு எப்படித் தெரியும்? உங்கண்ணன் தொப்பி இருக்கு. போட்டுக்கறேன். மேல அவரு சட்டை."

தங்கமணிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "யாராச்சும் கேட்டா, எங்க வீட்டுக்காரரோட கூட்டாளி ஓட்டறாருன்னு சொல்லிடறேன். ஆனா அண்ணி, மாப்ள வீட்டு ஆளு ஒருத்தர் கண்ணுல பட்டீங்க, அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

இப்படித்தான் ஒரு தாய் தன் மகள் கல்யாணத்துக்குத் திருடன் மாதிரிப் போவதற்கு அனுமதி வாங்கினாள். வாங்கினதும் அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

கிள்ளான் டவுனில் கார் சாமான் விற்கும் சீனன் கடைக்குப் போனாள். கடைக்காரன் கறுப்புச் சுருள்களை எடுத்துப் போட்டான். "ஆன்டி, மாவ் கெலாப்கா?" இருட்டாக வேண்டுமா என்று கேட்டான். இருக்கிறதிலேயே இருட்டு என்றாள் வீரம்மா. இங்கேயே ஒட்டித் தருகிறோம், காரை விட்டுவிட்டுப் போங்கள் என்றான். அங்கே ஒட்டுகிற பையன்கள் ரெண்டு பேர் தமிழர்கள். "அக்கா, பள்ளிக்கூடக் காடிக்கு எதுக்கு இவ்ளோ கறுப்பு?" என்று கேட்டால் என்ன சொல்வது? என் மூஞ்சியை மறைக்க என்றா? வீட்டிலேயே ஒட்டிக்கொள்கிறேன் என்று சுருளை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கடைக்காரன் பின்னாலேயே வந்து, சவுக்காரத் தண்ணி நிறையத் தெளி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளு என்று கையால் ஆட்டிக் காட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில் காரை நிறுத்தி வேலை ஆரம்பித்தது. உதவிக்கு வந்தவள் நல்லம்மாள், மூணு வீடு தள்ளி இருப்பவள். பள்ளிக்கூடக் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். வீரம்மாவைவிட மூத்தவள், வீரம்மாவுக்கு முன்னாலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். அவள் நாக்குக்கு லைசென்ஸ் கிடையாது.

"எந்தக் காரியமும் மஞ்சள் வெச்சுத்தான் ஆரம்பிக்கணும்" என்றாள் நல்லம்மாள்.

"யாரு வெக்கறது? நீங்களா நானா?"

ரெண்டு பேரும் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்தார்கள். நல்லம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டும் அறுத்த கூட்டம். மஞ்சளே நம்மளப் பாத்தா ஓடிடும்டி. தண்ணியத் தெளி."

கண்ணாடியைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, பழைய பிசினையெல்லாம் பிளேடால் சுரண்டினார்கள். பழைய பேப்பரைக் கண்ணாடிமேல் வைத்து அளவெடுத்து, அதேபோலக் கறுப்புத்தாளை வெட்டினார்கள். முதல் கண்ணாடியில் பதமாகத்தான் ஒட்டினார்கள். ரப்பர் செருப்பைக் கவிழ்த்து வைத்துத் தண்ணியைத் தள்ளித் தள்ளி வழித்தார்கள். மொழுமொழுவென்று நின்றது. காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் பாம்புச்சட்டை மாதிரி சுருண்டு சீட்டில் கிடக்கிறது. பசை இருக்கும் பக்கத்தில் ஒரு மெல்லிய தாள் மூடியிருக்கும், அதை உரித்துவிட்டு ஒட்டவேண்டும் என்பது இருவருக்கும் தெரியவில்லை.

"பழத்தத் தோலோட தின்ன மாதிரி, மேல்தாளோட ஒட்டியிருக்கோம்" என்றாள் நல்லம்மாள். "ஒட்டுமா, மயிரு."

உரிப்பதும் லேசாக இல்லை. நகம் போகவில்லை. கடைசியில் மூலையில் ரெண்டு பக்கமும் செலோடேப் ஒட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தால் வந்தது. அப்புறம் தாள் கையில் ஒட்டியது, தன்மேலேயே ஒட்டியது, நல்லம்மாளின் தலைமுடி ஒன்று உள்ளே மாட்டி வெளியே வரமாட்டேன் என்றது. கையை நனைத்துக்கொண்டால் ஒட்டாது என்று நல்லம்மாள்தான் கண்டுபிடித்தாள். நாலு கதவும் ஒருவழியாக முடிந்தது. கொப்புளம் வந்த இடத்தில் ஊசியால் குத்திக் காற்றை அமுக்கினார்கள்.

பின் கண்ணாடி வளைவு. தாள் சொன்ன பேச்சு கேட்கவில்லை. பட்டை பட்டையாக நறுக்கி ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினார்கள். ஒட்டின இடமெல்லாம் ரெண்டு மடங்கு கறுப்பு. நல்லம்மாள் உள்ளே உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள்.

"பின்னால ஒரு எழவும் தெரியலியேடி."

"கல்யாணத்துக்குப் பின்னாலயா போகப்போறோம்?"

அப்போதுதான் நல்லம்மாள் கேட்டாள், இதெல்லாம் எதற்கு என்று. வீரம்மா சொன்னாள். தொப்பி, சட்டை, தங்கமணி போட்ட கண்டிஷன் எல்லாவற்றையும் சொன்னாள். மண்டபத்துக்கு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்ததையும் சொன்னாள். இடது பக்க கேட்டில் நுழைந்தால் கார் முகம் சுவரைப் பார்த்து நிற்கும், பின்கதவு மட்டும் ஆரத்திக்காரர்கள் பக்கம் திறக்கும். முன் கண்ணாடியை யாரும் பார்க்கவே முடியாது.

நல்லம்மாள் செருப்பைக் கீழே வைத்தாள். "உன் மகளுக்கு நீ ஓட்டற. அதுக்கு இவ்ளோ பாடா?"

"உங்களுக்குத் தெரியாதாக்கா?"

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன்." செருப்பை மறுபடி எடுத்தாள். "சரி, அந்த மூலையில தூக்கிட்டு நிக்குது பாரு. தண்ணி அடி. நான் அன்னிக்கு பஸ்ஸுல வந்துடறேன். தூண் மறைவுல நின்னுக்கறேன். சாப்பாட்டுக்குப் பந்தியில உக்காந்தா யாரும் எழுப்பமாட்டாங்க."

கல்யாணத்தன்று விடியற்காலையில் தூறல். காருக்கு முன்னால் பூச்சரம் கட்டியிருந்தது. வீரம்மா சேலையின்மேல் அய்யாவுவின் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். சட்டையில் பூச்சி உருண்டை வாசம். பின்சீட்டில் புஷ்பா, பக்கத்தில் தங்கமணி, தங்கமணி மடியில் தாம்பாளம். அக்கம்பக்கத்தவர்கள் கேட்டில் நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆள் யாரும் இங்கே இல்லை என்பதால் வீரம்மாவுக்கு இன்னும் பயம் வரவில்லை. சாமி கும்பிட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தால் நசுக்கி, கார் கிளம்பியது.

லோரோங் முனையில் ஒரு உருவம் எதிரே வந்தது. வெளுத்த மஞ்சள் சேலை, அள்ளி முடிந்த தலை, வெறும் நெற்றி. நல்லம்மாள். பஸ்ஸுக்குப் போனவள், குடையை மறந்துவிட்டு எடுக்கத் திரும்பியிருக்கிறாள். தூறலுக்குத் தலையைக் குனிந்துகொண்டு நடுரோட்டில் நேராக வந்தாள்.

"ஐயையோ!" என்றாள் தங்கமணி. "எதிர்ல வராளே! அண்ணி, நிறுத்துங்க, நிறுத்துங்க. பின்னால எடுங்க. வீட்டுக்குப் போயி பொண்ணு ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு மறுபடி கெளம்பலாம்."

"அத்தை, அது நல்லம்மா பெரியம்மா" என்றாள் புஷ்பா.

"யாரா இருந்தா என்னா? சகுனத்துக்குப் பேரு தெரியுமா?"

வீரம்மாவின் கால் பிரேக்கில் இருந்தது. ஒரு வார்த்தை போதும். 'எதிரில் வருகிறவளுக்குத் தண்ணி குடிக்கச் சொல்கிறாய், ஓட்டுகிற எனக்கு எங்கே போய்த் தண்ணி குடிப்பாய்?' என்று கேட்டால் போதும். கேட்டால் தங்கமணி என்ன சொல்வாள் என்பதும் அவளுக்குத் தெரியும்: 'அதானே, அப்போ நீங்களும் எறங்குங்க.' முன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நல்லம்மாள் தலையை நிமிர்த்தி, பூ கட்டின காரைப் பார்த்து, தொப்பிக்குள் இருக்கும் முகத்தைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். வீரம்மா கியரைப் பின்னுக்குத் தள்ளினாள்.

பின் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. விடியாத வானம், தூறல், பட்டை பட்டையாக ஒட்டின கறுப்பு. கிணற்றுக்குள் பார்ப்பதுபோல இருந்தது. ரெண்டு பக்கமும் லோங்காங், திறந்த சாக்கடை. கொஞ்ச தூரம் எடுத்ததும் சக்கரம் ஓரத்தில் இறங்கி ஏறியது. புஷ்பா கத்தினாள். வேறு வழியில்லாமல் வீரம்மா தன் பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். கேட்டில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். தொப்பியையும் பார்த்தார்கள், தொப்பிக்குள் யார் என்பதையும் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நல்லம்மாள் ஓடி வந்தாள். ஏதோ மறந்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பின்பக்கம் போய் நின்று, ரெண்டு கையையும் ஆட்டி, காரைப் பின்னால் எடுக்க வழி சொல்ல ஆரம்பித்தாள்.

"கோஸ்தான்! கோஸ்தான்! நேரா வா... வலது பக்கம் லோங்காங், பாத்து! இன்னும் கோஸ்தான்... ஒடி, ஒடி... ஆங், போதும் லா!"

யாரிடமிருந்து தப்பிக்கப் பின்வாங்குகிறாளோ, அவள் சொல்லச் சொல்ல வீரம்மா ஸ்டீரிங்கை ஒடித்தாள். கார் வீட்டு வாசலில் வந்து நின்றது. நல்லம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து காரின்மேல் கையை ஊன்றினாள்.

"என்னடி மறந்துட்டீங்க? சொல்லு, நான் எடுத்துட்டு வரேன். பொண்ணு நனைய வேணாம்."

வீரம்மா ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கமணி கதவைத் திறந்து இறங்கினாள். அவள் கெட்டவள் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். "நீங்க எதிர்ல வந்துட்டீங்கக்கா. புஷ்பா உள்ள போயி தண்ணி குடிச்சிட்டு வரணும். கொஞ்சம் ஒதுங்கிக்குங்க. நாங்க போனப்புறம் போங்க."

நல்லம்மாள் அவளைப் பார்க்கவில்லை. இறக்கிய கண்ணாடி வழியாக வீரம்மாவைப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்திருக்கலாம். அப்புறம் காரின்மேல் இருந்த கையை எடுத்து, அழுக்குப் பட்டதுபோல முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். குடை இல்லை. தூறல் முதுகில் விழுந்தது.

புஷ்பா தண்ணியைக் குடிக்கவில்லை, உதட்டை நனைத்துவிட்டு வைத்தாள். காரில் ஏறியதும் முன்சீட்டுப் பக்கம் குனிந்து, "அம்மா, நீங்க ஒண்ணும் சொல்லமாட்டீங்களா?" என்றாள்.

"அழாத. கண்மை கலைஞ்சிடும்" என்றாள் வீரம்மா.

கார் இரண்டாம் தடவை அந்த கேட்டைத் தாண்டியபோது, வீரம்மா தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள். கறுப்புத்தாளுக்கு அந்தப் பக்கம் ஒரு முதுகு நின்றது. உள்ளிருந்து பார்க்க எல்லாம் தெரிந்தது. ஒட்டினது அவ்வளவு நேர்த்தி.

கார் ஃபெடரல் ஹைவேயில் ஏறியது. சுபாங் ஜெயா தாண்டும்போது மழை விட்டது. பிரிக்பீல்ட்ஸில் எல்லாம் நினைத்தபடியே நடந்தது. இடது கேட், சுவரைப் பார்த்த முகம், ஆரத்திப் பக்கம் திறந்த பின்கதவு. நாதஸ்வரம் வாசித்தார்கள், பொண்ணை இறக்கிக்கொண்டு போனார்கள். முன்சீட்டில் ஒரு ஆள் இருப்பதை யாரும் சட்டை செய்யவில்லை. தன் ஆசை நிறைவேறிவிட்டது என்று வீரம்மா தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொன்னது நிற்கவில்லை.

கூட்டம் உள்ளே போனதும் சட்டையையும் தொப்பியையும் கழற்றி வைத்துவிட்டு, பின்வழியாக மண்டபத்துக்குள் போய் ஒரு ஓரத்தில் நிற்பது என்பதுதான் பேச்சு. அவள் போகவில்லை. கதவில் கை வைத்தாள், எடுத்தாள். நல்லம்மாள் சொன்ன தூண் உள்ளே இருக்கிறது. அந்தத் தூணுக்குப் பக்கத்தில் போய் எந்த முகத்தோடு நிற்பது? எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டுப் புழுங்கிக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தாள். மந்திரம் கேட்டது. பேச்சுச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கெட்டிமேளம் கொட்டியது. பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறுகிற சத்தத்தை அவள் பொத்தின காருக்குள், புருஷன் சட்டைக்குள் உட்கார்ந்து கேட்டாள். கையில் அரிசி இல்லை. வெறும் கையைத் தூக்கி மடியிலேயே போட்டுக்கொண்டாள்.

பந்தி ஆரம்பித்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா சின்னையா வெளியே வந்தார். ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர். ஊருக்கெல்லாம் சோறு போட்டுப் பழகின கை.

"டிரைவர் அண்ணன் சாப்ட்டாரா? யாருப்பா கிள்ளான் காடி டிரைவரு? கூப்புடுங்க. வயித்தக் காயப்போட்டு உக்காந்திருக்கப்போறாரு." சொல்லிக்கொண்டே காரை நோக்கி வந்தார். பக்கவாட்டுக் கண்ணாடியைத் தட்டினார். "அண்ணே!"

வீரம்மா தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்டீரிங்மேல் கவிழ்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னையா கையை நெற்றியில் வைத்து உள்ளே பார்க்க முயன்றார். தெரியவில்லை. "இருட்டுக் குகையா இருக்கே" என்று சொல்லிக்கொண்டு முன்பக்கம் போக அடியெடுத்து வைத்தார். முன் கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவு இடம் இருந்தது. வீரம்மா அதை யோசித்திருக்கவில்லை.

"அங்கிள், அங்கிள்!" என்று ஒரு குரல் கேட்டது. "அந்த டிரைவரு தூங்கறாரு. ராத்திரி பூரா போர்ட்டுல லோரி ஓட்டிட்டு நேரா வந்தவரு. எழுப்பினா வள்ளுனு விழுவாரு. நீங்க போங்க, நான் சாப்பாடு குடுத்துக்கறேன்."

நல்லம்மாள். கையில், எடுத்துப்போகத் தப்பாவ் கட்டின சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்று. சின்னையா நின்றார், சிரித்தார். "அப்படியா? பாவம். பாயசமும் குடும்மா." திரும்பிப் போனார்.

நல்லம்மாள் அவர் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினாள்.

"டிரைவர்."

வீரம்மா கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள். வேர்வையில் தொப்பி நெற்றியோடு ஒட்டியிருந்தது. பொட்டலம் உள்ளே வந்தது. நல்லம்மாளின் சேலை இன்னும் முதுகில் ஈரமாக இருந்தது.

"தாலி ஏறிடுச்சு" என்றாள். "தலையக் குனிஞ்சுக்கிட்டு அழகா இருந்தா. அந்தப் பையன் முடிச்சுப் போடத் தெரியாம முழிச்சு, அவன் அக்கா கூட வந்து புடிக்க வேண்டியதாப் போச்சு. நீ பாக்கல."

"இல்லக்கா."

"நான் பாத்தேன். தூண் மறைவுலேந்து."

வீரம்மா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "அக்கா... காலைல..."

"காலைல என்னா? நல்லாத்தான் கோஸ்தான் எடுத்த. லோங்காங்குல விழல."

"என்னை ரெண்டு அடி அடிச்சிருங்கக்கா."

"எதுக்கு? தங்கமணி சொன்னா, சரி. அவ கழுத்துல தாலி இருக்கு, அவளுக்கு அது தெரியாது. உனக்குத் தெரியும்டி." நல்லம்மாள் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. "அதான்."

"வண்டியில வாங்க. நாம ரெண்டு பேரும் ஒண்ணா வீட்டுக்குப் போயிடலாம். பொண்ணத்தான் அவங்க காடியில கொண்டுபோவாங்க. தங்கமணியும் இங்கதான் இருப்பா. பின்சீட்டு காலியாத்தான் இருக்கும்."

நல்லம்மாள் காரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். தான் வழித்த இடம், தான் ஊசியால் குத்தின இடம்.

"வேணாம் லா. வழியில என்னைப் போல எவளாச்சும் எதிர்ல வருவா. நீ மறுபடி கோஸ்தான் எடுக்கணும். பஸ்ஸு வரும்." ரெண்டு அடி போனவள் நின்றாள். "ஆறிடும், சாப்புடு. அவியல் நல்லாருக்கு."

மண்டபத்து கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப் பக்கம் அவள் நடந்து போனதை வீரம்மா கறுப்புக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ரெண்டு பேர் காரைக் கடந்து போனார்கள். அதில் ஒருத்தி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, பொட்டைச் சரி செய்துகொண்டு போனாள். வீரம்மா கண்ணாடியை இறக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஒரு வாய் எடுத்து வைத்தாள், தொண்டையில் இறங்கவில்லை. அழுதாள். அப்புறம் இறங்கியது. அவியல் நல்லாத்தான் இருந்தது. அடியில் இருந்த பருக்கைவரை வழித்துத் தின்றாள். பசி இப்படி வெட்கங்கெட்டுப் போய் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே விரலையும் நக்கினாள்.